அம்பாசடர்காரர்

உதகமண்டலத்தில் ஜனவரி மாதத்து விடியற்காலையில், புல்லின்மேல் உறைபனி படிந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்த மாத்திரத்தில் ஏனையோரெல்லாம் கம்பளிக்குள் மீண்டும் புகுந்துகொள்ள, குரங்குக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அளவற்ற உற்சாகத்தோடு வாசலுக்கு இறங்குகிறவர் ஒருவர் உண்டென்றால், அவர் பழைய பெட்ரோல் அம்பாசடர் ஒன்றின் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

பெரும்பாலும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டே உற்பத்தி நின்றுபோன வண்டியை வைத்திருப்பதை ஒரு பதவியாகவே பாவிப்பவர். வண்டி 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், "ஆகாம என்ன? குளிர் விடணும், அவ்வளவுதான்" என்று உடனே திருத்திவிடுவார். பொத்தானை அமுக்கினால் கிளம்பிவிடும் மருமகனின் புது வண்டியைப் பற்றி அவருக்கு அனுதாபம்தான் உண்டு.

சாஸ்திரம் அறியாதவர் என்று சொல்வதற்கில்லை. குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாதென்றும், ஆகவே கார்புரேட்டருக்குள் செல்லும் காற்றைக் குறைத்துப் பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டவே சோக் இருக்கிறதென்றும், என்ஜின் ஆயில் கெட்டிப்பட்டுச் சுழற்சியைத் தடுக்கிற அதே வேளையில் பேட்டரியின் சக்தியும் குன்றிவிடுகிறதென்றும், பால் வாங்கப் போகும் பக்கத்து வீட்டுப் பையனை நிறுத்திவைத்துச் சாங்கோபாங்கமாக விளக்குவார். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், சமவெளியில் சரிசெய்த கார்புரேட்டர் பெட்ரோலைத் தானாகவே தாராளமாகக் கொடுக்கும் என்ற ஒன்று மட்டும் விரிவுரையில் விட்டுப்போகும். விளைவாக, சோக்கை முழுவதும் இழுத்து, ஆக்ஸிலரேட்டரையும் ஓயாமல் மிதித்து, நான்கு பிளக்குகளுக்கும் பெட்ரோலில் ஸ்நானம் செய்வித்துவிடுவார். வாசனை தெருக்கோடிவரை போகும்.

அப்புறம் பானெட் திறக்கும். பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, வெயில் இன்னும் வந்து சேராத திண்ணையில் வரிசையாகக் காயவைப்பார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உட்புறம் வியர்த்திருக்கும். அதை மப்ளர் நுனியால் துடைப்பார். உள்ளதைச் சொன்னால், இந்த ஈரத்தை முதலிலேயே துடைத்து, சோக்கையும் அளவோடு இழுத்திருந்தால், வண்டி அப்போதே கிளம்பியிருக்கும். ஆனால், கிளம்பிவிட்டால் காலைப்பொழுதை என்ன செய்வது?

ஆகவே ஹாண்டில் வெளியே வரும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளாவிட்டால், என்ஜின் திருப்பி அடிக்கும்போது விரல் போய்விடும் என்று சபையோரை எச்சரித்துவிட்டு, ஹாண்டிலை அவர்களில் ஒருவரிடம் கொடுத்துவிடுவார். அதுவும் பலிக்காமற்போனால் இருக்கவே இருக்கிறது ஊட்டியின் இறக்கம். போர்வை போர்த்த நாலு பேர் தள்ள, இரண்டாவது கியரில் கிளச்சைப் படக்கென்று விட, வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, கரும்புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெறும்.

மார்க்கெட்டுக்குப் போகத்தான் இத்தனை பிரயத்தனமும். வழியில், பஸ்ஸிலேயே போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு, இரண்டு கைகளிலும் பையோடு மேடேறி வரும் சகதர்மிணியைக் கண்டதும், அவர் பெருமிதத்தோடு பிரேக்கின்மேல் காலை வைப்பார்.

"நிறுத்திடாதீங்க! நின்னா திரும்ப எடுக்காது. நீங்க போங்க, நான் நடந்தே வந்துடறேன்."