எண்காலர் புதுமனை புகுதல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

இரண்டு கால் உள்ளவர் புது வீடு புகுந்தால் பால் காய்ச்ச வேண்டும். எட்டுக் கால் உள்ளவர் புகுந்தால்? சாத்திரங்கள் வாய் திறக்கவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுப் பொருள்: 'சிலி ரோஸ்' எனும் டாரன்டுலா சிலந்தி, சிலி நாட்டு வறண்ட புதர்க்காட்டுக்காரர். பெண்ணினம் இருபது ஆண்டுகூட வாழும் என்பதால் இனி 'அம்மையார்' என்றே குறிப்போம்.

முதலில் வாஸ்து. அம்மையார் தரைவாசி, கனத்த உடம்பு. கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு கிழிந்து உயிர் போகலாம். எனவே தரைக்கும் மூடிக்கும் நடுவே, கால் விரித்த அகலத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் இடம் ஆகாது. உயரமான கூரையே கௌரவம் என்போர் அதைத் தம் வீட்டோடு வைத்துக்கொள்க. தரைக்குத் தென்னை நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கமிருந்து கட்டி கட்டியாகக் கப்பலேறும் சரக்குதான். ஊறவைத்தபின் நன்றாக உலர்த்த வேண்டும். உலராவிட்டால் அம்மையார் கண்ணாடிச் சுவரில் ஏறித் தொற்றிக்கொள்வார். இறங்கினாலும் நுனிக்காலில்தான் நிற்பார். இதை மனவருத்தம் என்று வியாக்கியானம் செய்வோர் உண்டு. தரை ஈரம், அவ்வளவே.

அடுத்து உபசாரம். விருந்தாளி பட்டினி கிடக்கலாகாது, உடனே ஒரு சுவர்க்கோழியை உள்ளே விடு என்பது பூர்வபட்சம். ஒரு வாரம் சும்மா இரு என்பது சித்தாந்தம். மாதக்கணக்கில் உண்ணாவிரதம் இருப்பது இவ்வினத்துக்குச் சகஜம். கோரிக்கை எதுவும் கிடையாது. தின்னாத சுவர்க்கோழியை அன்றே வெளியேற்றுக. அம்மையார் மல்லாந்து படுத்துத் தோலுரிக்கும் வேளையில் அது அவரையே கடித்துத் தின்னும். (மல்லாந்தவரை அடக்கம் செய்ய விரைவோர் ஒருநாள் பொறுக்கவும்.)

தண்ணீர்க் கிண்ணம் தனி அத்தியாயத்துக்குரியது. நள்ளிரவில் அம்மையார் வாயருகே உள்ள குட்டைக் கால்களால் நார்த்தூளை அணைத்து அள்ளி, நூலால் சுற்றி உருண்டையாக்கி, தூக்கிவந்து கிண்ணத்துக்குள் போடுகிறார். விடிந்தால் கிண்ணம் இல்லை, மேடு இருக்கிறது. கழுவி வைத்தால் மறுபடி மேடு. கோபம் என்கிறார்கள் ஒரு சாரார். வீட்டைத் தன் விருப்பப்படி ஒழுங்குபடுத்துகிறார் என்பது என் கட்சி.

ஒப்பீட்டுக்கு மேற்கு ஆஸ்திரேலியா. அங்கே சிலந்தி ஆய்வாளர் பார்பரா யார்க் மெயின் 1974 முதல் கவனித்துவந்த '16-ஆம் எண்' பொறிக்கதவுச் சிலந்தி, 43 வயதுவரை ஒரே வளையில் குடித்தனம் நடத்தியது. யாரும் அதற்கு அலங்காரச் செடி நடவில்லை. 2016-இல் வளை காலியாகக் கிடந்தது, கதவில் துளை. குளவியின் வேலை என்று கருதினார்கள்.

ஆக, புது வீட்டில் நிலைகொள்ளாமல் தவிப்பது அம்மையார் அல்லர். டார்ச்சும் கையுமாக மணிக்கொரு முறை மூடியைத் திறக்கும் உரிமையாளரே. அவருக்கு அம்மையார் தரும் பதில், பின்காலால் வயிற்று முடியைச் சீவிக் காற்றில் விடுவது. தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் மருத்துவர். எனவே மூடிக்கு ஒரு பூட்டுப் போடலாம். சாவியை, வீட்டில் சிலந்தி என்றாலே அலறுபவர் எவரோ அவரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.