ஆத்ம திருப்தியும் ஐம்பது ரூபாய் மணியார்டரும்

எழுபதுகளின் கடைசியில் கும்பகோணத்தில் கதை எழுதிக்கொண்டிருந்த எங்கள் கோஷ்டியில் புகழுக்காக எழுதுகிறவர் ஒருவர்கூடக் கிடையாது. எல்லோரும் ஆத்ம திருப்திக்காகவே எழுதினோம். கதை திரும்பி வந்த வாரங்களில் இந்த வைராக்கியம் இன்னும் கொஞ்சம் முறுக்கேறி இருக்கும்.

தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, கார்பன் வைத்து நகல் எடுத்து, போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறையை உள்ளே மடித்து அனுப்ப வேண்டும். அந்த உறைதான் மானத்தை வாங்கும். நம் கையெழுத்திலேயே நம் விலாசத்துக்கு ஒரு கனத்த கவர் வந்தால் தெருவுக்கே சேதி புரிந்துவிடும். எங்கள் தபால்காரர் இங்கிதம் தெரிந்தவர். சைக்கிளை விட்டு இறங்காமலே, "தம்பி, மெட்ராஸ் போய்ட்டு வந்துடுச்சு" என்று தணிந்த குரலில் சொல்லி, கவரைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். கதை பிரசுரமாகிவிட்டாலோ ஆளே வேறு. மணியார்டர் பாரத்தின் கூப்பனைத் தூக்கிப் பிடித்துக் கதையின் தலைப்பை நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வாசிப்பார். பிறகுதான் ஐம்பது ரூபாயை எண்ணிக் கொடுப்பார். அதில் இரண்டு ரூபாய் அவருக்கு. எனக்குக் கிடைத்த முதல் வெளியீட்டு விழா அதுதான், செலவும் குறைவு.

கோஷ்டியில் ஒருவர் ஒரு கட்டத்தில் உறை வைப்பதையே நிறுத்திவிட்டார். உறை இல்லாவிட்டால் கதை திரும்பாது, திரும்பாதவரை பரிசீலனையில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த நம்பிக்கையில் வெகுகாலம் நிம்மதியாக இருந்தார். இன்னொருவர் எழுதியதே மூன்று கதைதான். கேட்டால், "மௌனி மொத்தமே 24 கதைதான் சார் எழுதினார்" என்பார். மௌனியோடு அவருக்கு ஒற்றுமை அந்த அளவில் நின்றுபோனது.

எழுத்தாளர் என்றால் யார் என்பதற்கு உண்மையான உதாரணமும் ஊரிலேயே இருந்தது. எம்.வி. வெங்கட்ராம் ஜரிகை வியாபாரம் செய்தவர். கையிலிருந்ததை 'தேனீ' என்ற பத்திரிகையில் போட்டு இழந்தவர். பிறகு குடும்பம் நடக்கப் பதிப்பாளர் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தார். காதுக்குள் ஓயாமல் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்த தன் அவஸ்தையையே 'காதுகள்' என்று நாவலாக்கினார். அதற்குச் சாகித்ய அகாதெமி விருது 1993-இல் வந்தபோது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. அவர் எழுதியது சந்தோஷத்துக்கா, புகழுக்கா என்று எங்கள் விவாதத்தில் யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க முடியாது. யாரும் கேட்கவில்லை. அவர் தெருவில் போனால் பார்ப்போம், வணக்கம் சொல்வோம், மறுபடி எங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவோம்.

எங்களுக்கு மகான் வேறொருவர். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். சோழர் காலத்து நாவல் ஒன்றைக் கோடு போட்ட நோட்டுகளில் எழுதிக் குவித்திருந்தார்; ஒரு பத்திரிகைக்கும் அனுப்பியதில்லை. "எழுதறதே எனக்குச் சந்தோஷம், அப்புறம் எதுக்கு அச்சு?" என்பது அவர் கொள்கை. எழுத்தென்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தரிசனத்துக்குப் போனோம். "வாங்க தம்பி" என்று உட்காரவைத்து, காப்பி கொடுத்து, நோட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார். மேலே இருந்ததைப் பிரித்தோம். முதல் பக்கத்தில் சிவப்பு மையில், அடிக்கோடிட்டு, 'மூன்றாம் பதிப்பின் முன்னுரை'. முதலிரண்டு பதிப்புகளும் குறுகிய காலத்தில் விற்றுத் தீர்ந்ததற்கு வாசகப் பெருமக்களுக்கு நன்றி சொல்லியிருந்தார். அச்சுப் பிழைகள் இப்பதிப்பில் களையப்பட்டுள்ளன என்றும் இருந்தது.

நாங்கள் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும் மரியாதையாக, "முதல் பதிப்பு முன்னுரை இருக்குங்களா ஐயா?" என்றான்.

"இருந்துச்சுப்பா. அந்த நோட்டைக் கரையான் தின்னுடுச்சு."

அவரைக் கேலி செய்ய எனக்கு இன்றும் மனம் வரவில்லை. நாங்கள் மனசுக்குள் எழுதி வைத்திருந்த முன்னுரையை அவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை, பெயர் கிடைக்காதா என்று நாங்கள் ஏங்கிய நாட்களில், பெயர் கிடைத்தவர்கள் அதை மறைத்துக்கொண்டு திரிந்தார்கள். குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் சூர்யா, ஹம்சா, கிருஷ்ணகுமார், மாலதி என்று பல பெயர்களில் எழுதிக்கொண்டிருந்தார். ஜ.ரா. சுந்தரேசன் அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து 'பாக்கியம் ராமசாமி' ஆகி, அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும் உலாவவிட்டார். ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் இருக்கிறாரே என்று இன்னொரு ரங்கராஜன் மனைவியின் பெயரைப் போட்டுக்கொண்டார். அந்தச் சுஜாதாவைத் தெரியாதவர் இல்லை. இவர்களையெல்லாம் 'ஜனரஞ்சகம்' என்று ஒதுக்கிவைத்துவிட்டு, முடிவெட்டும் கடையில் அடுத்த வாரத் தொடருக்காகக் காத்திருந்தோம்.

இப்போது உறை, தபால்தலை எதுவும் வேண்டாம். அன்று உறை வைக்காத நண்பருக்கு ஃபேஸ்புக்கில் நண்பர் வரம்பான 5,000 நிரம்பிவிட்டது. காலையில் ஒரு கவிதை, மாலையில் அதற்கு எத்தனை விருப்பக்குறி என்பது பற்றி ஒரு பதிவு. எதுவும் திரும்பி வருவதில்லை என்பதால் மனிதர் இளைத்த மாதிரி தெரியவில்லை.

அன்றைக்குப் புத்தகம் போடுவதென்றால் 1,200 பிரதி அடித்துவிட்டு நூலக ஆணைக்குத் தவம் கிடக்க வேண்டும். சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையோடு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். அவருடைய 'சுதந்திர தாகம்' நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது 2001-இல் வந்தது. அவர் 1998-லேயே போய்விட்டார். இப்போது முப்பது பிரதி அடித்தால் போதும். இருபது விமர்சகர்களுக்கு, பத்து உறவினர்களுக்கு. புத்தகக் காட்சியில் அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பதிப்பு தீர்ந்த மாதிரிதான்.

விருதும் அகாதெமிக்காகக் காத்திருப்பதில்லை. எனக்கே வாட்ஸாப்பில் ஒன்று வந்தது. பதிவுக் கட்டணம் கட்டினால் சால்வை, கேடயம், சான்றிதழ், மதிய உணவு. சாதனைப் புத்தகத்தில் பெயர் வர வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம். நான் கட்டவில்லை. சாப்பாடு எப்படி இருக்கும் என்று மட்டும் விசாரித்து வைத்தேன்.

என் அண்ணன் மகள் கைப்பேசியில் தொடர்கதை எழுதுகிறாள். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, இருட்டில், கட்டைவிரலால் தட்டுகிறாள். அத்தியாயம் போட்ட ஐந்தாவது நிமிஷமே, "அடுத்த யூடி எப்போ சிஸ்?" என்று எங்கிருந்தோ கேட்கிறார்கள். யூடி என்றால் அப்டேட், அதாவது அடுத்த அத்தியாயம். ஹீரோவைத் திட்டுகிறார்கள். ஒரு நாள் போடாவிட்டால் உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிறார்கள். எங்களுக்கு வாசகர் கடிதம் ஒன்று வந்தால் ஒரு வருஷம் சட்டைப்பையில் சுமந்து திரிவோம். இவள் தினமும் அத்தனையையும் விரலால் தள்ளிவிட்டுப் போகிறாள்.

"இதெல்லாம் இல்லேன்னா எழுதுவியாம்மா?" என்று கேட்டேன்.

"எழுதும்போது யார் படிக்கப்போறாங்கன்னு நினைப்பே வராது சித்தப்பா. போட்ட அப்புறம்தான் வயித்தைக் கலக்கும். நிமிஷத்துக்கு ஒரு தரம் எத்தனை பேர் படிச்சாங்கன்னு பார்ப்பேன். யாருமே பார்க்கலேன்னா அன்னிக்கு ராத்திரி சமையல் உப்புமாதான்."

எங்கள் கோஷ்டி திண்ணையில் உட்கார்ந்து வருஷக்கணக்காக விவாதித்த விஷயம். இத்தனை நேர்மையாக ஒருவரும் சொன்னதில்லை.

அவள் கதை நாற்பது அத்தியாயம் தாண்டிவிட்டது. கதாநாயகி இன்னும் கோபம் தீராமல்தான் இருக்கிறாள். நான் ஒன்று விடாமல் படிக்கிறேன், கருத்தும் போடுகிறேன், என் சொந்தப் பெயரிலேயே.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது எழுதிக்கொண்டிருந்தால் படித்துவிட்டு ஒரு வரி சொல்லுங்கள். தன் திருப்திக்காகத்தான் எழுதுகிறேன், அதெல்லாம் வேண்டாம் என்பார்கள். நம்பாதீர்கள்.