மிட்டாய் நாணயவியல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

மளிகைக் கடையில் 48 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 50 ரூபாய்த் தாளை நீட்டுகிறவருக்கு, மீதி இரண்டு ரூபாய் இரண்டு மிட்டாய்களாகத் திரும்பி வருகிறது. “சில்லறை இல்லீங்க” என்ற இரண்டே சொற்களில், ரிசர்வ் வங்கியை ஒரு வார்த்தை கேட்காமல், அண்ணாச்சி புதிய செலாவணி ஒன்றை வெளியிட்டுவிடுகிறார். இது பணமா, பண்டமா? மேல்நிலைப் பள்ளிப் பொருளியல் பாடம் பணத்துக்கு விதித்துள்ள பணிகளை உரைகல்லாகக் கொண்டு இவ்வினா இங்கே ஆராயப்படுகிறது.

முதற்பணி, பரிமாற்ற ஊடகமாக இருத்தல். பண்டமாற்றில் இவருக்கு வேண்டியது அவரிடமும், அவருக்கு வேண்டியது இவரிடமும் இருந்தாக வேண்டும் என்ற இக்கட்டைப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1875-இல் விளக்கினார். அந்த இக்கட்டைத் தீர்ப்பதுதான் பணத்தின் வேலை. மிட்டாயோ அதை மீண்டும் கொண்டுவந்துவிடுகிறது: வாங்குகிறவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் என்ன செய்வது?

களப்பரிசோதனையும் நடந்தது. பத்து நாள் சேர்த்த பன்னிரண்டு மிட்டாய்களோடு ஆய்வாளர் அதே கடைக்குப் போய் 12 ரூபாய்க்குப் பச்சை மிளகாய் கேட்டார். அண்ணாச்சி மிட்டாயைப் பார்க்கவில்லை, ஆய்வாளரைப் பார்த்தார்.

முடிவு: கல்லாவிலிருந்து வெளியே வரும்போது மிட்டாய் பணம், கல்லாவை நோக்கிப் போகும்போது வெறும் மிட்டாய்.

இத்தாலியர் இவ்விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். 1970-களில் அங்கே சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது கடைக்காரர்கள் மிட்டாயும் கொடுத்தார்கள், பொதுத் தொலைபேசிக்கான வில்லையும் கொடுத்தார்கள். வில்லையை அடுத்த கடையிலும் வாங்கிக்கொண்டார்கள். போர்க் கைதிகள் முகாமில் சிகரெட் பணமாக உலவியதை, அங்கே கைதியாக இருந்த ராட்ஃபோர்ட் 1945-இல் கட்டுரையாக எழுதினார். நல்ல சிகரெட்டைப் புகைத்துவிட்டு, மட்டமானதைக் கொண்டு பொருள் வாங்கினார்களாம். கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டும் என்ற கிரெஷாம் விதி அது. மளிகைக் கடையிலும் அதே விதிதான்: நாணயம் கல்லாவின் அடியில் பதுங்குகிறது, மிட்டாய் வெளியே உலவுகிறது.

இரண்டாம் பணி, மதிப்பின் அளவுகோல். கடன் நோட்டில் எவரும் “அரிசி, 60 மிட்டாய்” என்று எழுதுவதில்லை. ஆய்வு இங்கே சுருக்கமாக முடிகிறது.

மூன்றாம் பணி, மதிப்பைச் சேமித்து வைத்தல். ரூபாயின் மதிப்பைப் பணவீக்கம் அரிக்கிறது. மிட்டாயை எறும்பு அரிக்கிறது. எறும்பு வேகமானது.

சட்டப்படி பார்த்தால், 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாதவையாயின. கடைகள் முகம் சுளிக்கும் 50 பைசா இன்றும் செல்லும். மிட்டாயைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. ரூபாய்த் தாள்களில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் உறுதிமொழி இருக்கிறது; நிதித்துறைச் செயலர் கையெழுத்திடும் ஒரு ரூபாய்த் தாளில் அது கிடையாது. பாக்கியைப் பயணச்சீட்டின் பின்னால் கிறுக்கித் தரும் பேருந்து நடத்துநர்கூட ஒருவகையில் உறுதிமொழிப் பத்திரம் தருகிறார். மிட்டாய்க் காகிதத்தில் அந்தக் கிறுக்கலும் இல்லை.

பிறகு ஏன் தருகிறார்கள்? நாணயத்தை அச்சிட ஆகும் செலவுக்கும் அதன் முகமதிப்புக்கும் உள்ள இடைவெளி அந்தக் காலத்தில் அரசருக்குப் போய்ச் சேர்ந்தது. ஜாடியை மொத்த விலையில் வாங்கி, மிட்டாயை ஒரு ரூபாய்க்குத் தள்ளிவிடும்போது அண்ணாச்சியும் அதே அரச வருமானத்தைப் பெறுகிறார். வாங்குகிறவர் நிலை வேறு. முதல் மிட்டாய் இனிக்கிறது, நான்காவது சட்டைப்பையில் ஒட்டிக்கொள்கிறது. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான். பொருளியலாளர் கோசென் 1854-லேயே எழுதிவிட்டார்.

2016-இல் யு.பி.ஐ. வந்தது. 48 ரூபாய் என்றால் 48 ரூபாயாகவே போகிறது. மீதி என்ற பேச்சே எழுவதில்லை. ஜாடி மட்டும் கல்லாப் பக்கத்தில் அதே இடத்தில் இருக்கிறது. ஆய்வை நிறைவு செய்யும் பொருட்டு ஆய்வாளர் அதற்குள் கைவிட்டபோது, அண்ணாச்சி க்யூ.ஆர். அட்டையை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.