குசும்பா வேலி

வா மருமவனே, உக்காரு. திலக் நகர்ல உங்க சொசைட்டி மொட்டை மாடியில நெல்லும் பயறும் எள்ளும் கூட்டா விதைக்கப் போறதாக் கேள்விப்பட்டேன். பேஷ்! 40 வீடு, 40 வாட்ஸ்அப்பு. இனி மழை பெஞ்சா என்ன, பெய்யாட்டி என்ன?

கிழவன் ஒரு கணக்குப் போட்டேன், கோவிச்சுக்கிடாத. மாடி 10 சென்ட்டுன்னே வச்சுக்கிடுவோம். ஏக்கருக்கு 25 மூட்டை நெல்லு வெளைஞ்சாலும் உங்களுக்கு வாறது ரெண்டரை மூட்டை. குத்தினா 100 கிலோ அரிசி தேறுறதே பெரிசு. வீட்டுக்கு ரெண்டு கிலோ சொச்சம். அதுக்கு அரை அடி மண்ணைக் கொட்டி நனைச்சா பாரம் 100 டன்னுக்கு மேல போயிரும். இடிச்சுக் கட்ட பில்டர் வாறதுக்கு முன்னாலயே கட்டடம் தானா இறங்கிக்கிடும். செலவு மிச்சம்!

கூட்டு வெள்ளாமை பாக்கணும்னா ஹைதராபாத் ரோட்டுல சோலாப்பூரைத் தாண்டி ஜஹீராபாத்துக்குப் போ. அங்க 1983-ல டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டின்னு ஆரம்பிச்சாங்க. அதுவும் சொசைட்டிதான், ஆனா பார்க்கிங் சண்டை கிடையாது. ஊரூருக்குத் தலித் பொம்பளைங்க சங்கமாச் சேந்து, எவனும் சீந்தாத தரிசைக் குத்தகைக்குப் பிடிச்சு உழுதாங்க. சோளம், சாமை, துவரை, உளுந்து, எள்ளுன்னு ஒரே வயல்ல 15, 20 வகை. துவரை வேரு ஆழத்துல போய்த் தண்ணி தேடும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேக்கும். மழை ஏமாத்தினா ஒண்ணு போகும், இன்னொண்ணு நிக்கும். வெளைஞ்ச சோளத்தைப் பொதுவுல சேத்து, ஊர்ல யாரு இல்லாதவங்கன்னு அவங்களே கூடிப் பேசி, மலிவு விலைக்கு அளந்தாங்க. விதை வாங்கினவங்க அறுப்பு முடிஞ்சதும் வாங்கினதுக்கு மேல கூட்டித் திருப்பிக் குடுக்கணும். உங்க பில்டிங்குல இரவல் போன ஏணி இன்னும் திரும்பலையாமே? ஐ.நா. 2019-ல அந்தப் பொம்பளைங்களுக்கு ஈக்குவேட்டர் பரிசு குடுத்துச்சு. ஏணிக்கும் ஏதாச்சும் பரிசு இருக்கான்னு விசாரிச்சுப் பாரு.

வயல் ஓரத்துல குசும்பா போடுறதுன்னு ஒரு சூட்சுமம் உண்டு. இங்க மராத்திக்காரங்க கர்டி எண்ணெய்ன்னு வாங்குதாங்கல்லா, அந்தச் செடிதான். இலையெல்லாம் முள்ளு, மாடு கிட்ட அண்டாது. எண்ணெய்க்கு எண்ணெய், வேலிக்கு வேலி. உங்க கமிட்டியிலயும் மெயின்டனன்ஸ் பில்லுக்கு மூணு பக்கம் கடுதாசி எழுதுற குசும்பர் ஒருத்தர் இருக்காருல்லா? அவரை நடுவயல்ல நட்டுராத. ஓரமா நிறுத்து, ஒரு மாடு உள்ள வராது.

நெல்லை விடு. கேட் பக்கம் நாலு துவரை ஊனி வையி. ஆறு மாசம் எவன் தண்ணி ஊத்துதான்னு மாமா இந்தப் பால்கனியில இருந்தே பாத்துச் சொல்லுதேன். காய் பறிக்கிற அன்னைக்கு மட்டும் லிஃப்ட்டு கொள்ளாது வே. உங்க அத்தையை நான் மாடிப்படி வழியா அனுப்புதேன்.