காலாற வந்தவர்

வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் கோவையில் வாடகைக் கார் பிடித்து, பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்பு வீட்டில் வந்து இறங்குவார். இறங்கியதும் கண்ணை மூடி மூச்சை இழுத்து, "ஆஹா, என்ன அமைதி!" என்பார். பக்கத்து நார் மில் சத்தத்தில் அது யார் காதிலும் விழாது.

தெருமுனையில் பால் வாங்கவே கார் எடுப்பவர், இங்கே இட்டேரியைக் கண்டால் விடமாட்டார். இருபுறமும் கிளுவை வேலி, நடுவே வண்டி போகுமளவு மண் தடம். கொங்கு நாட்டில் காலாற நடக்க இதைவிடச் சுகமான இடம் கிடையாது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு மலையேறும் ஷூவும், முதுகுப்பையில் 2 லிட்டர் தண்ணீரும் எதற்கு? தலைக்கு மேல் தொங்குவதெல்லாம் இளநீர்.

மணிக்கட்டில் ஸ்டெப் எண்ணும் வாட்ச். நாளைக்கு 10,000. அது 1965-இல் ஜப்பானில் நடையளவி விற்றவர்கள் தங்கள் சரக்குக்குச் சூட்டிய பெயரில் இருந்த எண். இவருக்கோ வேதவாக்கு.

ஊரில் காரியமில்லாமல் யாரும் நடப்பதில்லை. ஆடு மேய்க்கும் அம்மாவுக்கு மனசு கேட்காது.

"ஏனுங்க, எதையாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?"

"இல்லைங்கம்மா, சும்மா நடக்கிறேன்."

"வண்டி கெட்டுப்போச்சுங்களா?"

"வண்டியெல்லாம் நல்லா இருக்கு."

"பொறவு எதுக்கு சாமி நடக்கறீங்க?" சற்று யோசித்து, குரலைத் தாழ்த்தி, "சக்கரைங்களா?"

ஆமாம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த அம்மா நிம்மதியாக ஆட்டைப் பார்ப்பார்.

அப்புறம் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து மச்சானுக்கு வீடியோ கால். "கேக்குதா? ஒண்ணுமே கேக்கலல்ல? அதான்யா!" இந்தக் கத்தலில் வேலியோரம் மேய்ந்த மயில் தோப்புக்குள் ஓடிவிடும். அதைத்தான் படமெடுக்க வந்திருந்தார்.

வழியெல்லாம் டிவிஎஸ் எக்ஸ்எல் வேறு வந்து நிற்கும். "ஏறுங்க, விட்டுப்போட்டுப் போறேன்." வேண்டாம் என்றால் முறைத்துக்கொண்டு போவார்கள். வெயில் உச்சிக்கு வரும்போது வாட்ச் 6,400 காட்டும், இடது குதிகாலில் கொப்புளம் எழும்பியிருக்கும். அடுத்த எக்ஸ்எல்லில், தேங்காய்ச் சாக்கை மடியில் வாங்கிக்கொண்டு ஏறிவிடுவார். பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி குலுங்கும். குலுங்கக் குலுங்க வாட்ச் எண்ணும். வீட்டு கேட்டருகே வந்ததும் மணிக்கட்டு அதிர்ந்து வாழ்த்துச் சொல்லும்.

மத்தியானச் சாப்பாட்டில் அந்த எண்ணைப் பந்தி முழுக்கக் காட்டுவார். "நடக்கறதுன்னா கிராமத்துலதாங்க நடக்கணும்."