ஹாமில்டனுக்கு ஒரு ஹேர்கட்

சாகாவரம் வேண்டுமா? தவமெல்லாம் பழைய டெக்னிக். ஒரு பாலத்தைக் கட்டினால் போதும், ஊர் இருக்கும்வரை பெயர் இருக்கும். மதராஸில் ஹாமில்டன் என்ற இன்ஜினியரும் அப்படித்தான் நினைத்திருப்பார். பாவம், நம் நாக்கோடு அவருக்குப் பழக்கமில்லை.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பக்கிங்காம் கால்வாய் மேல் நின்ற பாலம் அது. முதல் எழுத்தான ‘ஹ’வுக்கு மூச்சை வீணாக்குவானேன் என்று ஜனங்கள் அதை முதலில் கழற்றிப் போட்டார்கள். மிச்சமிருந்த அமில்டன் வாய்க்கு வாய் உருண்டு அம்பட்டன் ஆனார். முடிதிருத்துகிறவர்களை அந்தக் காலத்தில் அழைத்த சாதிப் பெயர் அது. பாலம், அம்பட்டன் வாராவதி. இன்ஜினியருக்கு இலவச ஹேர்கட்!

இதுவரை நடந்தது சாதாரணம். உலகத்தில் எந்த ஊர்தான் வெள்ளைக்காரன் பெயரை ஒழுங்காகச் சொன்னது? கூத்து இனிமேல்தான். வாராவதியின் பெயருக்கு அர்த்தம் கேட்ட துரைமார்கள், அதை அட்சரசுத்தமாக மொழிபெயர்த்து ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று வைத்துக்கொண்டார்கள். சொந்த ஊர்க்காரன் வேஷம் மாறி எதிரே வந்து நிற்கிறான், ஆசாமிகளுக்கு அடையாளம் தெரியவில்லை! கூகுள் டிரான்ஸ்லேட் வருவதற்கு முன்பே இந்தச் சாதனை.

ஹாப்சன்-ஜாப்சன் அகராதியின் 1903 பதிப்பு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, எல்லாம் உள்ளூர்க்காரர்களின் திரிபு என்று பழியை நம் தலையில் கட்டுகிறது. நாம் திரித்தது பாதிதானே ஐயா? மீதிப் பாதி உங்கள் இங்கிலீஷ்!

பிற்பாடு பாலத்துக்கு அம்பேத்கர் பெயர் வந்தது. சாதிப் பெயர் போன இடத்தில் சாதியை எதிர்த்தவர் உட்கார்ந்தார், நியாயம்தான். ஆனால் கவனித்தீர்களா, ‘அம்’ மட்டும் அசையவே இல்லை. ஹாமில்டன் சொத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

சாதிப் பெயரை நீக்கப் போய் விபத்தான கதையும் உண்டு. 1970களின் கடைசியில் எம்.ஜி.ஆர். ஆட்சி தெருப் பலகைகளில் சாதி வால்களை நறுக்கியது. தி.நகரில் நீதிக்கட்சித் தலைவர் டி.எம். நாயர் பெயரில் இருந்த ‘டாக்டர் நாயர் ரோடு’, வெறும் ‘டாக்டர் ரோடு’ ஆனது. எந்த டாக்டர்? காதுமூக்குதொண்டையா, பல்லா?

இந்த ரகளையில் சேதாரமில்லாமல் தப்பித்தவர் ஒருவர் உண்டென்றால் பக்கிங்காம் பிரபு. 1875 முதல் 1880 வரை கவர்னர். ரிச்சர்ட் பிளான்டாஜெனெட் கேம்ப்பெல் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சான்டோஸ்-கிரென்வில் என்பது அவர் முழுப்பெயர். (மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.) தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய வாய்க்காலுக்கு அவர் பட்டத்தைச் சூட்டினார்கள். ஜனங்களும் ஒரு எழுத்தை உதிர்க்காமல் இன்றுவரை பக்கிங்காம் என்றே சொல்கிறார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு.