சண்டு வத்தலும் கபில்தேவும்

விற்றுவிடுவது என்று முடிவாகிவிட்டது. எப்படி விற்பது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு கட்சி.

சரக்கு, ஒரு டிரங்குப் பெட்டி நிறைய விளையாட்டு அட்டைகள். அடியில் கிடப்பவை 1987 ரிலையன்ஸ் உலகக் கோப்பையை ஒட்டிய காலத்து பிக் ஃபன் பபிள்கம் படங்கள். முன்பக்கம் ஆட்டக்காரர், பின்பக்கம் ரன்னோ விக்கெட்டோ போட்டிருக்கும். போதுமான ரன் சேர்ந்தால் கொடுத்துவிட்டு, படபடவென்று விரலால் புரட்டினால் ஆட்டக்காரர் அசைகிற குட்டிப் புத்தகம் வாங்கிக்கொள்ளலாம். மற்ற பிள்ளைகள் கொடுத்தார்கள், புத்தகம் வாங்கினார்கள், மழையில் நனைத்தார்கள். நான் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். எங்கள் குமாரலிங்கபுரத்தில் மழை அபூர்வம் என்பதால் நனையாமலும் இருக்கின்றன. மேலே கிடப்பவை மல்யுத்த டிரம்ப் கார்டுகள். 'எடை' என்று கேட்டு யோகோசூனாவை இறக்கினால் எதிராளி எழுந்து வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான்.

என் மனைவியின் கட்சி எளிமையானது. "பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க. பெட்டி மட்டும் எனக்கு வேணும், குதிரைவாலி கொட்டி வைக்க."

மகன் கட்சி அமெரிக்கக் கட்சி. மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால்காரரின் 1952-ஆம் வருஷத்து டாப்ஸ் அட்டை ஒன்று, 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போயிருக்கிறது. அன்றைய கணக்கில் நம்ம காசுக்கு ஏறத்தாழ 100 கோடி. அந்த வருஷத்து அட்டைகள் விற்காமல் கிட்டங்கியில் தேங்கியபோது, இடத்தை அடைக்கிறதே என்று 1960-இல் டாப்ஸ் கம்பெனியின் சை பெர்கர் மிச்சத்தைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டினாராம். கடலுக்குப் போனது போக மிஞ்சியதற்குத்தான் இந்த விலை. இதை அவன் சொல்லி முடித்ததும் மனைவி கேட்டாள்: "நம்ம கண்மாயில தண்ணியே இல்லையே, எங்கிட்டுக் கொண்டுபோயிக் கொட்ட?"

பக்கத்தில் இருந்த ஓய்வு பெற்ற வாத்தியார் விடவில்லை. "திருச்சுழியில பிறந்த ரமணர் 1896-ல திருவண்ணாமலை போயி இறங்குனதும், கையில மிச்சமிருந்த காச அய்யங்குளத்துல எறிஞ்சிட்டாரு. நீங்க அட்டைக்குப் போயி…" என்று இழுத்தார். அவருடைய பென்ஷன் எந்தக் குளத்துக்குப் போகிறது என்று கேட்க நாக்கு வரை வந்தது. பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர் என்பதால் முழுங்கிவிட்டேன்.

மகனின் அடுத்த யோசனை தரச்சான்று. பிஎஸ்ஏ என்ற அமெரிக்கக் கம்பெனி 1991-லிருந்து இதே வேலையாக இருக்கிறது. மூலை மழுங்கியிருக்கிறதா, ஓரம் தேய்ந்திருக்கிறதா, படம் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருவார்கள். கூலி ஒரு அட்டைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். என்னிடம் உள்ள கவாஸ்கருக்கு மூக்கை ஒட்டிச் செல்லரித்திருக்கிறது. போதாததற்குப் பால்பாயிண்ட் பேனாவில் மீசை வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். அதற்கு மார்க் வாங்க விமானம் ஏற்றுவதா?

விருதுநகர் வத்தல் மண்டியில் காலம் தள்ளிய சித்தப்பாவைக் கூப்பிட்டேன். வந்தவர் மேலே அழகாக அடுக்கியிருந்ததை ஏறிட்டும் பார்க்கவில்லை. முழங்கை வரை பெட்டிக்குள் விட்டு, அடியிலிருந்து ஒரு அட்டையை உருவினார். சிவகாசியில் அச்சான மலிவு ரகம். படம் அசாருதீன், பெயர் ஸ்ரீகாந்த். "இதான்டா உன் சாம்பிள்" என்றார்.

அவர் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. வத்தலில் நல்ல பழமாகப் பொறுக்கித் தனியே போட்டால் விலை ஏறும். ஆனால் மிஞ்சுகிற சண்டு வத்தலை ஒருத்தனும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். கலந்து மூட்டையாகப் போட்டால் நல்ல பழமும் சண்டு விலைக்குப் போகும். "பொறுக்கிக்கிறேன்னு வர்றவன்கிட்ட மட்டும் பெட்டியத் திறந்துறாத. பத்துப் பழத்த எடுத்துக்கிட்டு மூட்டைய உன் தலையில கட்டிட்டுப் போயிருவான்."

மறுநாளே சென்னையிலிருந்து அப்படி ஒருவர் போனில் வந்தார். பழைய சாமான் வியாபாரி. "சச்சின் மட்டும் எடுத்துக்கிறேன் சார்" என்று ஆரம்பித்தவர், நான் ஊர்ப் பெயரைச் சொன்னதும் குரலை மாற்றினார். "குமாரலிங்கபுரமா? ஜவுளிப் பூங்கா வர்ற ஊருல்ல சார் அது? அங்க இடம் கிடம் ஏதாச்சும் இருக்கா?" அதன் பிறகு சச்சின் பேச்சே இல்லை.

கடைசியில் சித்தப்பா வழிதான்: தரம் பிரிப்போம், ஆனால் நல்லது ஒன்றுக்குச் சண்டு ஐந்து என்று சேர்த்துக் கட்டித்தான் விற்போம். பிரிக்கத் துணைக்கு, என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்து இப்போது அருப்புக்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். திண்ணையில் விரித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பெட்டியிலேயே மூலை மழுங்காத ஒரே அட்டையான கபில்தேவைத் திருப்பிப் பார்த்தவன், என்னிடம் நீட்டினான். பின்பக்கம் கோணல்மாணலாக அவன் பெயர், வகுப்பு, பிரிவு.

"காணோம் காணோம்னு ஊரெல்லாம் தேடுனேனே மாப்ள" என்றபடி கபிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு சம்மணத்தைச் சரி செய்துகொண்டு, மிச்சச் சரக்குக்குத் தனக்கு எத்தனை சதவீதம் கமிஷன் என்று கேட்டான்.